பத்து மணிச் செய்தியும் ஒரு லாட் கச்சா எண்ணெயும்

பின்னொரு தேதிக்கான விலையை இன்றே பேசி வாங்கி விற்கும் கச்சா எண்ணெய் முன்பேர வணிகத்தில் இறங்கிய நாள் முதல் ஒரு கோடு போட்ட நோட்டில் கணக்கு எழுதி வருகிறேன். தேதி, நேரம், வாங்கிய விலை, விற்ற விலை, இலாபமோ நட்டமோ, கடைசியாகக் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். அந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக மதித்தேன். எதற்காக வாங்குகிறோம் என்பதை ஒரு வரியில் எழுத முடியாவிட்டால் வாங்கக் கூடாது என்பது எனக்கு நானே விதித்துக்கொண்ட சட்டம். நோட்டைப் புரட்டினால் ‘கையிருப்புக் குறைவு’, ‘ஒபெக் கூட்டம்’, ‘டாலர் ஏற்றம்’ என்று வரிசையாகக் காரணங்கள் கிடக்கும். பாதிக்கு மேல் தவறான காரணங்கள், ஆனாலும் காரணங்கள். 2025 ஜூன் 23, திங்கட்கிழமை இரவு வாங்கிய ஒரு லாட்டுக்கு எதிரே மட்டும் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. அன்றைய நட்டம் 23,400 ரூபாய். அதைவிடப் பெரிய நட்டங்கள் அதே நோட்டில் உண்டு. அவற்றைப் பார்த்தால் சிரிப்புக்கூட வருகிறது. இந்த வரியைத்தான் கண் தாண்டிப் போக மறுக்கிறது.

என் அப்பா ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதினார். விரலி மஞ்சள் ஒன்றை எடுத்து ஒடித்து, உள்நிறத்தைப் பார்த்து, முகர்ந்து, அது எந்த விலைக்குப் போகும் என்று சொல்லிவிடுவார். ஏலத்தில் விலை அதை ஒட்டியே நிற்கும். அதே ஊரில், அதே மாதிரி நோட்டில் கணக்கு எழுதும் நான், கச்சா எண்ணெயை ஒரு சொட்டுக்கூடக் கண்ணால் பார்த்தவன் இல்லை. எம்.சி.எக்ஸ். என்ற சரக்கு முன்பேரச் சந்தையில் நாங்கள் வாங்கி விற்பது அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் குஷிங் என்ற சிற்றூரின் தொட்டிகளில் கைமாறும் டபிள்யூ.டி.ஐ. என்ற அமெரிக்க எண்ணெய் வகையின் விலையை, ரூபாயில். ஒரு லாட் என்றால் 100 பீப்பாய்; விலை ஒரு ரூபாய் நகர்ந்தால் கையில் நூறு ரூபாய் கூடும் அல்லது குறையும். முடிவில் பணமாகவே தீர்த்துக்கொள்வார்கள், எந்த லாரியும் நம் வாசலில் வந்து நிற்காது. ஒடித்துப் பார்க்கவோ முகர்ந்து பார்க்கவோ எதுவும் இல்லாத இந்த வியாபாரத்தில், கைக்கு அகப்படுவது செய்தி ஒன்றுதான். ஆகவே செய்தியை ஒடித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் போதும் என்று நான் நம்பினேன். அந்த நம்பிக்கை எப்படியெல்லாம் அடி வாங்கியது என்பதைச் சொன்னால்தான் ஜூன் 23 விளங்கும்.

புதன்கிழமை எட்டு மணி

இந்த வியாபாரத்தில் இருப்பவர்களுக்குப் புதன்கிழமை இரவு ஒரு நோன்பு மாதிரி. அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் வாராந்திரக் கையிருப்பு அறிக்கையை வெளியிடும் நேரம், நம் கடிகாரத்தில் கோடையில் எட்டு மணி, குளிர்காலத்தில் ஒன்பது மணி. தொடக்கத்தில் எனக்கு அது மிக எளிய கணக்காகத் தெரிந்தது: கையிருப்புக் குறைந்தால் எண்ணெய்க்குத் தேவை இருக்கிறது, விலை ஏறும்; கூடினால் இறங்கும். முதல் சில வாரங்கள் கணக்குப் பலித்தது, அதுதான் கேடு. பிறகு ஒரு புதன்கிழமை, எதிர்பார்த்ததைவிடக் கையிருப்பு நன்றாகவே குறைந்திருந்தது. எண் திரையில் விழுந்ததும் வாங்கினேன். விலைப்படத்தில் ஒரு நிமிட ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கேண்டில் ஒன்றில் விலை மேலே போய் அதே கேண்டிலில் கீழே வந்து, நட்டம் மிஞ்சாமலிருக்க நான் முன்பே போட்டுவைத்த ஸ்டாப் லாஸை எடுத்துக்கொண்டு போயிற்று. அறிக்கையைப் பொறுமையாகப் படித்தபோதுதான் கச்சா எண்ணெய் குறைந்த அதே வாரத்தில் பெட்ரோல் கையிருப்பு ஏறியிருந்தது தெரிந்தது. வண்டி ஓட்டுகிறவன் வாங்காத பெட்ரோல், சுத்திகரிப்பு ஆலைத் தொட்டியில் தேங்கி நிற்கிறது என்று பொருள்.

அதைவிட முக்கியமான ஒன்றைக் கற்க இன்னும் சில மாதங்கள் ஆயின. அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் என்ற தொழில் அமைப்பு தன் மதிப்பீட்டை முதல் நாளே, நமக்கு நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு, தன் சந்தாதாரர்களுக்குத் தந்துவிடுகிறது. நான் தூங்கி எழுந்து, பல் துலக்கி, ஒன்பது மணிக்குச் சந்தை திறக்கும்போது, புதன் இரவு எனக்குப் ‘புதிதாக’ வரப்போகும் செய்தியில் பெரும்பகுதி ஏற்கெனவே விலைக்குள் குடியேறியிருக்கும். இரவு எட்டு மணிக்கு மிஞ்சியிருப்பது எதிர்பார்ப்புக்கும் உண்மைக்கும் இடையிலான வித்தியாசம் மட்டும்தான். எங்கள் ஊர்ப் பக்கத்து மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கடியில் விரல்களைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவனுக்கு முகம் தெரியும், விலை தெரியாது. நான் வெகுகாலம் துண்டுக்கு வெளியே நின்றுகொண்டு, முகங்களைப் பார்த்தே விலையைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நம் கடை சாத்திய பிறகு செய்தி வருவதும் உண்டு. 2020 ஏப்ரல் 20 இதற்குப் பெயர்போன நாள். ஊரடங்கால் எம்.சி.எக்ஸ். அப்போது மாலை ஐந்து மணிக்கே மூடிக்கொண்டிருந்தது. அன்று அந்த மாத ஒப்பந்தம் முடியும் நாள். கடைசி விலை பீப்பாய்க்கு 965 ரூபாய். இதற்கு மேல் எங்கே இறங்கப் போகிறது என்று வாங்கிவைத்துவிட்டுப் படுத்தவர்கள் பலர். அன்றிரவு குஷிங்கில் எண்ணெய் வைக்க இடமில்லாமல் போகும் என்ற பயத்தில், அங்கே மே மாத ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் காசு கொடுத்தாவது கழற்றிவிட முண்டியடித்தார்கள். நியூயார்க்கில் விலை பூச்சியத்துக்குக் கீழே 37.63 டாலரில் முடிந்தது. அதை ஒட்டி இங்கே தீர்வு விலை மைனஸ் 2,884 ரூபாய் என்று வந்தது. 965-இல் வாங்கியவருக்குப் பீப்பாய்க்கு 3,849 ரூபாய், ஒரு லாட்டுக்கு 3,84,900 ரூபாய் நட்டம். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி ஒரு லாட் வைத்திருந்தார். விலை என்பது பூச்சியத்தில் நின்றுவிடும் என்ற ஒரே ஒரு எண்ணத்தைத் தவிர அவர் வேறெதிலும் தவறவில்லை. நான் அந்த மாதம் சந்தைப் பக்கம் போகவில்லை. அறிவால் அல்ல, கையில் பணமில்லாததால்.

பொய்யாக வந்து மெய்யான செய்தி

2025 ஏப்ரலில் நடந்தது வேறு விதமான பாடம். அமெரிக்காவின் புதிய இறக்குமதி வரிகள் ஏப்ரல் 2-ஆம் தேதி அறிவிக்கப்பட்டதும், மறுநாளே எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் ஒபெக் கூட்டணி மே மாதத்துக்கு நாளொன்றுக்கு 4,11,000 பீப்பாய் உற்பத்தியைக் கூட்டுவதாகச் சொன்னதும் சேர்ந்து எண்ணெயைத் தலைகுப்புறத் தள்ளிவிட்டிருந்தன. 7-ஆம் தேதி திங்கட்கிழமை, நமக்கு இரவு ஏழரை மணி தாண்டிய வேளையில், வரிகளை 90 நாள் நிறுத்திவைக்க யோசனை நடக்கிறது என்றொரு செய்தி பரவியது. பங்குச் சந்தை துள்ளியது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு எண்ணெயும் துள்ளியது. நானும் இரண்டு மினி லாட் வாங்கினேன். மினி என்றால் 10 பீப்பாய்தான், அதனால் கை நடுங்கவில்லை. சில நிமிடங்களில் வெள்ளை மாளிகை அது பொய்ச் செய்தி என்றது. ஏறிய வழியே விலை இறங்கியது. நோட்டில் ‘வதந்தி. இனி உறுதி செய்யாமல் வாங்கக் கூடாது’ என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் இட்டேன்.

இரண்டே நாள். 9-ஆம் தேதி இரவு, பத்தே முக்கால் மணிக்கு மேல், அதே 90 நாள், அதே நிறுத்திவைப்பு, இம்முறை அதிபர் டிரம்ப் எழுதிய பதிவாகவே வந்தது. சீனாவுக்கு மட்டும் வரி 125 விழுக்காடாக ஏறியது, மற்ற நாடுகளுக்கு மூன்று மாத அவகாசம். நான் திரையைப் பார்த்து ஏளனமாகச் சிரித்தது நன்றாக நினைவிருக்கிறது. மறுபடியும் என்னை ஏமாற்றப் பார்க்கிறார்களாம்! உறுதி செய்துகொள்ள நான் எடுத்துக்கொண்ட நேரத்தில் விலை ஏற வேண்டியதில் பெரும்பகுதி ஏறிவிட்டது. அன்று 56 டாலருக்கும் கீழே போயிருந்த டபிள்யூ.டி.ஐ. 62.35-இல் முடிந்தது. பொய்யை நம்பி இழந்தேன், மெய்யை நம்பாமல் விட்டேன். இரண்டு முறையும் என்னிடம் எழுதத் தகுந்த காரணம் இருந்தது. இந்த இரண்டு நாள்களும் என்னுள் விதைத்தது எச்சரிக்கையை அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. முந்த வேண்டும், எல்லோருக்கும் தெரியுமுன் எனக்குத் தெரிய வேண்டும் என்ற பசியையே அது விதைத்திருந்தது.

தோஹாவிலிருந்து ஓர் அழைப்பு

ஜூன் 13 முதல் நடந்தவை எல்லோருக்கும் நினைவிருக்கும். இஸ்ரேல் ஈரானைத் தாக்கிய அன்று, உலக விலைக்கு அளவுகோலான பிரென்ட் எண்ணெய் ஒரே நாளில் ஏழு விழுக்காடு ஏறி முடிந்தது. 22-ஆம் தேதி அமெரிக்கா ஈரானின் அணுசக்தி மையங்களில் குண்டு வீசியது; ஹோர்முஸ் நீரிணையை மூட ஈரான் நாடாளுமன்றம் ஒப்புதல் தந்ததாகச் செய்தி வந்தது. உலகம் ஒரு நாளில் செலவழிக்கும் எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, இரண்டு கோடி பீப்பாய், அப்போது பாரசீக வளைகுடாவிலிருந்து அந்தக் குறுகிய நீர்வழியாகத்தான் வெளியே வந்துகொண்டிருந்தது. 23-ஆம் தேதி காலை ஆசியச் சந்தை திறந்ததும் பிரென்ட் 81 டாலரைத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கியது. எனக்குச் சந்தேகமே இல்லை: ஹோர்முஸை மூடினால் ஈரானின் சொந்த எண்ணெய் சீனாவுக்குப் போக வழியில்லை, அதனால் மூட மாட்டார்கள், பயத்துக்குக் கொடுத்த விலை கழன்று விழும். டீக்கடையில் நண்பர்களிடம் இதை விளக்கமாகவே சொன்னேன். அன்று நோட்டில் ‘வேடிக்கை மட்டும்’ என்று எழுதிவிட்டு மாலை வரை கையைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

என் மனைவியின் தம்பி தோஹாவில் ஒரு கட்டடப் பராமரிப்பு நிறுவனத்தில் எலெக்ட்ரீஷியனாக இருக்கிறான். கத்தார் வான்வெளியை மூடிவிட்டதாக ஒன்பது மணிக்கு மேல் செய்தி வந்தபோது அவன் நினைவு வந்தது. பேச வேண்டும் என்று நினைத்தேன், விலையைப் பார்த்துக்கொண்டே தள்ளிப்போட்டேன். பத்து மணியைத் தாண்டிச் சில நிமிடங்களில் அவனே அழைத்தான். “மாமா, அக்காகிட்ட இப்பச் சொல்லாதீங்க” என்றுதான் தொடங்கினான். “மேல பொட்டுப் பொட்டா வெளிச்சம் போகுதுங்க. டம்மு டம்முன்னு சத்தம். எல்லாரும் மாடியில நின்னு பாத்துட்டு இருக்கோம்.” பின்னால் யாரோ மலையாளத்தில் கத்துவது கேட்டது. என் முன்னே மடிக்கணினி திறந்திருந்தது. தொலைக்காட்சியில் அந்த நொடி வரை அந்தச் செய்தி ஓடவில்லை.

அதன் பிறகு நடந்ததை என்னால் நேர்த்தியாக அடுக்கிச் சொல்ல முடியவில்லை. “உள்ள போ மாப்ளே, ஜன்னல் பக்கம் நிக்காதே” என்று நான் சொன்னேன், அது உறுதி. அதைச் சொல்லும் முன்பே வாங்கினேனா, சொல்லிக்கொண்டே வாங்கினேனா, சொன்ன பிறகு வாங்கினேனா என்பதை அன்றிரவு பல முறை மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். ஓட்டும் ஒவ்வொரு முறையும் எனக்குச் சாதகமான வரிசையிலேயே அது ஓடியது. மறுநாள் தரகு நிறுவனத்தின் காண்ட்ராக்ட் நோட் மின்னஞ்சலில் வந்தது. அதில் வாங்கிய நேரம் நொடி வரை அச்சாகியிருக்கும். கைப்பேசியில் அழைப்பு தொடங்கிய நேரமும் நீண்ட கால அளவும் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அழைப்பு தொடங்கிப் பதினோராவது நொடியில் வாங்கியிருக்கிறேன். பதினோரு நொடியில் அவன் ‘வெளிச்சம்’ என்ற சொல்லைத் தாண்டியிருக்க முடியாது. மினி லாட்கூட இல்லை, முழு லாட், கிடைத்த விலைக்கு.

விலை சில நொடிகள் எனக்காகத் துடித்துவிட்டு விழத் தொடங்கியது. ஈரானின் ஏவுகணைகள் போனது கத்தாரில் அமெரிக்கப் படை இருக்கும் அல் உதைத் விமானத் தளத்துக்கு. எந்தக் கப்பலையும் எந்த எண்ணெய் முனையத்தையும் அவை தொடவில்லை. ஈரான் பதிலடி என்று ஒன்றைக் கொடுத்துவிட்டது, அந்தப் பதிலடி எண்ணெயை விட்டு விலகி நின்றது என்பதைச் சந்தை என்னைவிட வேகமாகப் புரிந்துகொண்டு, பத்து நாளாக விலையில் ஏற்றிவைத்திருந்த பயத்தை இறக்கியது. முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டே அடித்தார்கள் என்பது பிறகு வெளிவந்தது. பதினொன்றேகால் மணிக்கு, பீப்பாய்க்கு 234 ரூபாய் நட்டத்தில், நான் விற்று வெளியேறினேன். அன்று பிரென்ட் ஏழு விழுக்காட்டுக்கும் மேல் சரிந்து 71.48 டாலரில் முடிந்தது. விடியற்காலை போர்நிறுத்த அறிவிப்பு வர, மறுநாள் இன்னுமோர் ஆறு விழுக்காடு. டீக்கடையில் நான் சொன்னது ஒன்றுவிடாமல் பலித்திருந்தது. சொன்னவன் அதற்கு நேர் எதிராக வாங்கியிருந்தான்.

காலிக் கட்டம்

இதை ஒரு வியாபாரப் பிழையாக எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம் என்று முதலில் முயன்றேன். ‘எதிர்பார்ப்பு ஏற்கெனவே விலையில் இருந்தது’ என்று எழுதலாம், உண்மைதான். ‘முதலில் தெரிந்தவன் என்ற மயக்கம்’ என்றும் எழுதலாம். அந்த நேரத்தில் தோஹாவில் மாடிகளில் நின்ற இலட்சக்கணக்கானவர்கள் அதே வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தலைப்புச் செய்தியை நொடிக்குள் படித்து வாங்கி விற்கும் கணினிகளுக்கு நான் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் இவை எல்லாம் நான் ஏன் நட்டப்பட்டேன் என்பதற்கான காரணங்கள். கட்டத்தில் எழுத வேண்டியது நான் ஏன் வாங்கினேன் என்பது. அதை எழுதினால் ‘மாப்பிள்ளை தலைக்கு மேல் ஏவுகணை’ என்று எழுத வேண்டும்.

சந்தையில் இருபது ஆண்டு பழம் தின்ற நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, நீ வாங்கியதால் ஒரு ஏவுகணையும் திசை மாறவில்லை, போர்ச் செய்தியில் வாங்குவது பாவம் என்றால் இந்தச் சந்தையில் யாருமே மிஞ்ச மாட்டார்கள் என்றார். அதை நான் மறுக்கவில்லை. 2019 செப்டம்பரில் சவூதியின் அப்கைக் எண்ணெய் ஆலை தாக்கப்பட்ட பிறகான திங்கட்கிழமையும், 2022-இல் உக்ரைன் போரின் தொடக்க வாரங்களிலும் நான் வாங்கியிருக்கிறேன், இலாபமும் பார்த்திருக்கிறேன். ஒரு உறுத்தலும் இருந்ததில்லை. தூரத்து நெருப்பு அது, திரையில் ஓர் எண். இம்முறை அந்த எண் என்னை ‘மாமா’ என்று அழைத்தது. அப்போதும் கை எண்ணின் பக்கமே போயிற்று.

அதைவிடவும் மோசமாக உறுத்துவது ஒன்று உண்டு. அன்று விலை 234 ரூபாய் இறங்கியதற்குப் பதில் ஏறியிருந்தால், நான் காண்ட்ராக்ட் நோட்டையும் கைப்பேசியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பேனா? மாட்டேன். ‘கத்தார் தாக்குதல், உடனடித் தகவல்’ என்று அழகாக எழுதி, பக்கத்தில் 23,400 என்று பச்சை மையில் போட்டு, அடுத்த வாரம் டீக்கடையில் அதைக் கதையாகவும் சொல்லியிருப்பேன். பங்குச் சந்தை முன்பேரத்தில் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் இழந்தார்கள் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி ஆய்வு செய்து வெளியிட்டது. அந்த எண் எங்களில் பலரைப் பயமுறுத்துவதில்லை, மீதி ஏழில் நான் என்றே ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறோம். அன்றிரவுக்குப் பிறகு எனக்கு அந்த ஏழு பேர் மீதுதான் அதிக யோசனை ஓடுகிறது. அவர்களுக்குத் தங்கள் பதினோராவது நொடியைத் தேடிப் பார்க்கக் கட்டாயம் எதுவும் இல்லை.

வியாபாரத்தை விட்டுவிட்டேன் என்று எழுதினால் படிப்பவர்களுக்கு நிறைவாக இருக்கும், ஆனால் விடவில்லை. மினி லாட்டுக்கு இறங்கியிருக்கிறேன். இரவு ஒன்பதரைக்கு மேல் புதிதாக எதையும் வாங்குவதில்லை. மடிக்கணினி மேசையில் கைப்பேசியை வைப்பதில்லை. புதன்கிழமை எட்டு மணிக்கு இன்னும் உட்காருகிறேன். பெரும்பாலும் பார்த்துக்கொண்டு மட்டும்.

தீபாவளி விடுமுறைக்குத் தோஹாவிலிருந்து அவன் வந்திருந்தான். அக்காவுக்கு அந்த இரவின் கதையை முழுவதுமாக, சத்தங்களோடு நடித்துக் காட்டினான். அவள் தலையில் அடித்துக்கொண்டு திட்டினாள். பிறகு திண்ணையில் நாங்கள் இருவரும் மட்டும் உட்கார்ந்திருந்தபோது, “அன்னிக்கு எண்ணெ வெல எகிறியிருக்குமே மாமா, எதாச்சும் பாத்தீங்களா?” என்று கேட்டான். “எறங்கிருச்சு மாப்ளே” என்றேன். ஏவுகணை பறக்கும்போது விலை இறங்குமா என்று அவனுக்கு ஆச்சரியம். ஏன் என்று கேட்டான். ஹோர்முஸ், எதிர்பார்ப்பு, விலைக்குள் ஏற்கெனவே இருந்த பயம் என்று எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினேன். தலையாட்டிக்கொண்டே கேட்டான். நான் வாங்கினேனா என்று அவன் கேட்கவில்லை.